ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி: வந்து இறங்கிய வாரத்திலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால், "பி.ஆர். எப்போது போடலாம்?" என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பலருக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. அப்போது தேவைப்படும் காகிதங்களில் பாதி, வந்த முதல் மாதத்திலேயே கைக்கு வந்து, எங்கோ வைத்து மறந்துபோனவையாக இருக்கும். கடந்த குளிர்காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் தம் காகிதங்கள் அனைத்தையும் ஒரு துணிக்கடைப் பையில் திணித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சம்பளச் சீட்டுகளும் வாடகை ஒப்பந்தமும் மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்களும் கலந்து கிடந்தன. பிரிக்காத உறைகள்கூட இருந்தன. அவற்றை மேசையில் பரப்பி, மாதவாரியாக அடுக்கி முடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அவருக்குத் தகுதி எல்லாமே இருந்தது, அதைக் காட்டும் தாள்கள்தான் கைவசம் இல்லை. அன்று எழுதி வைத்த குறிப்புகளே இந்தக் கட்டுரையாக விரிந்திருக்கின்றன.

இங்கே நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு நீடர்லாசுங்ஸெர்லாவ்ப்னிஸ் என்று பெயர். நாக்கில் புரள நேரமாகும் இந்தச் சொல்லை நம்மவர்கள் பி.ஆர். என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இது குடியுரிமை அன்று. உங்கள் கடவுச்சீட்டு இந்தியாவுடையதாகவோ இலங்கையுடையதாகவோதான் இருக்கும். ஆனால் தங்குவதற்குக் காலவரம்பு கிடையாது. வேலை மாறினாலும், சொந்தத் தொழில் தொடங்கினாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலை போனால் விசாவும் போய்விடுமோ என்ற அச்சத்தோடு தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் இதன் மதிப்பு முழுமையாகத் தெரியும்.

முதல் இரண்டு வாரங்கள்

வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து 2 வாரத்துக்குள் அந்த ஊர்க் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் பதிவு செய்ய மாட்டார்கள். இன்னார் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் தனிப் படிவம் ஒன்று வேண்டும். தற்காலிக அறை எடுப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தப் படிவத்தைத் தருவீர்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தர மறுக்கும் இடத்தில் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே தங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது சிக்கலாகும், வரி எண் வராது, வெளிநாட்டினர் அலுவலகத்தில் உங்களுக்கான கோப்பும் தொடங்காது.

பதிவு முடிந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். சிறிய செய்தியாகத் தோன்றினாலும் இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. நம் ஊர் அடுக்குமாடிகளைப் போல இங்கே கதவு எண் இருப்பதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நான் வந்த புதிதில் பெட்டியின் மேல் முந்தைய குடித்தனக்காரரின் பெயரே இருந்தது. வரி எண் கடிதம் வந்தும் வராமல் போயிற்று. எண் தெரியாததால் என் முதல் மாதச் சம்பளத்தில் மிக உயர்ந்த வரிப் பிரிவின்படி பிடித்தம் செய்தார்கள். அந்தப் பணம் பிறகு சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் இந்த நாட்டில் அரசாங்கத்தோடு உங்களுக்குள்ள உறவு பெரும்பாலும் அந்தச் சிறிய தகரப் பெட்டி வழியாகத்தான் நடக்கும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அதே வாரத்தில் கடைக்குப் போய் ஓர் ஓர்ட்னர் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு துளையிட்ட தாள்களை நெம்புகோல் வளையத்தில் கோத்து வைக்கும் கெட்டி அட்டைக் கோப்பு அது, இங்கே எல்லார் வீட்டு அலமாரியிலும் வரிசையாக நிற்கும். வேலை, சம்பளம், ஓய்வூதியக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வீடு, மொழி, ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றுகள் எனத் தடுப்புத் தாள் போட்டுப் பிரித்து, வரும் கடிதத்தை வந்த அன்றே துளையிட்டு அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு உரிய வழி எது

எத்தனை மாதங்களில் விண்ணப்பிக்கலாம் என்பது, உங்கள் கையிலுள்ள குடியிருப்பு அட்டை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அட்டையின் குறிப்புப் பகுதியில் அந்தப் பிரிவின் எண் அச்சிடப்பட்டிருக்கும். நண்பருக்கு 21 மாதங்களில் கிடைத்தது என்பதால் உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடாமல், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

உயர்கல்வி முடித்தவர்களுக்கு அதற்குரிய வேலைக்காகத் தரப்படும் ப்ளூ கார்டு என்ற அனுமதியை வைத்திருப்பவர்களுக்குத்தான் பாதை மிகக் குறுகியது. அந்த அனுமதிக்குரிய வேலையில் 27 மாதங்கள் இருந்து, அந்த மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்பீட்டில் பணம் கட்டியிருந்து, ஜெர்மன் மொழியில் ஏ1 எனப்படும் தொடக்க நிலை இருந்தால் விண்ணப்பிக்கலாம். மொழி பி1 எனப்படும் இடைநிலையில் இருந்தால் 21 மாதங்களே போதும். தகுதிபெற்ற பணியாளர் என்ற பிரிவில், அதாவது பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்து அதற்குரிய வேலை பார்ப்பவர்களுக்கு 3 ஆண்டுகள், 36 மாதப் பங்களிப்பு, பி1 மொழி நிலை ஆகியவை தேவை. 2023 நவம்பருக்கு முன்பு இது 4 ஆண்டுகளாக இருந்தது, எனவே பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். ஜெர்மனியிலேயே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்துவிட்டு அதற்கேற்ற வேலையில் சேர்ந்தவர்களுக்கு 2 ஆண்டுகளும் 24 மாதப் பங்களிப்பும் போதும். இவை எதிலும் அடங்காதவர்களுக்குப் பொது விதி பொருந்தும். அதன்படி 5 ஆண்டுகள் குடியிருப்பு, 60 மாதப் பங்களிப்பு, பி1 மொழி நிலை ஆகியவை வேண்டும். பொது விதியில் விண்ணப்பிக்கும்போது, இங்கே மாணவராக இருந்த காலத்தில் பாதியை அந்த 5 ஆண்டுகளில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஓய்வூதியக் காப்பீடு: அதிகம் பேர் சறுக்கும் இடம்

மேலே சொன்ன எல்லா வழிகளிலும் மாதக் கணக்கு என்பது ஓய்வூதியக் காப்பீட்டில் பதிவான மாதங்களின் கணக்குதான். விமானம் தரையிறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சாதாரண வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மொத்தச் சம்பளத்தில் 18.6 விழுக்காடு ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் போகிறது. அதில் பாதியை நிறுவனம் செலுத்துகிறது, மறுபாதி உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. மருத்துவர்கள், கட்டடக் கலைஞர்கள் போன்றவர்கள் தங்கள் தொழில்முறை அமைப்பின் ஓய்வூதிய நிதியில் கட்டுவார்கள், அதையும் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்று வகையினர் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். முதல் வகையினர், இந்திய நிறுவனத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு ஜெர்மனிக் கிளைக்கோ வாடிக்கையாளரிடமோ அனுப்பப்பட்ட தகவல்தொழில்நுட்பப் பணியாளர்கள். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, இந்தியாவில் வருங்கால வைப்புநிதி கட்டிக்கொண்டிருப்பதற்கான சான்றிதழைக் காட்டினால், இங்கே ஓய்வூதியப் பங்களிப்பிலிருந்து விலக்கு உண்டு. இரண்டு நாடுகளிலும் கட்ட வேண்டியதில்லை என்பது ஆதாயமாகத் தோன்றும். ஆனால் அப்படிக் கழிந்த மாதங்களுக்கு ஜெர்மன் கணக்கில் ஒரு மாதம்கூட ஏறியிருக்காது. நான்கு குளிர்காலங்களை இங்கே கழித்த பின்பும் கணக்கு பூஜ்யத்தில் நிற்பதைக் கண்டு உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கேயே நிலைகொள்வது என்று முடிவு செய்துவிட்டால், உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாறுவதைப் பற்றி நிறுவனத்தோடு பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது வகையினர், மினிஜாப் எனப்படும் சிறு வேலை பார்க்கும் மாணவர்களும் குடும்பத்தினரும். ஓய்வூதியப் பங்களிப்பிலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பை அந்த வேலையில் தருவார்கள். சேர்ந்த நாளில் நீட்டப்படும் படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டால் மாதம் சில யூரோக்கள் மிஞ்சும், மாதக் கணக்கு நின்றுவிடும். மூன்றாவது வகையினர் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். இவர்களில் பலருக்குக் கட்டாயப் பங்களிப்பு இல்லை. விருப்பத்தின் பேரில் கட்டத் தொடங்கலாம்.

சான்றாகக் கொடுக்க வேண்டியது, ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் தரும் காப்பீட்டு வரலாற்று அறிக்கை. ஃபெர்ஸிஹெருங்ஸ்ஃபெர்லாவ்ஃப் என்று அதற்குப் பெயர். இணையத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், தபாலில் வரும். அதைப் பிரித்ததும் கடைசிச் சில மாதங்கள் இல்லையே என்று பதறாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் கணக்கை அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் மொத்தமாக அனுப்புகின்றன. அறிக்கையில் ஏறாத மாதங்களுக்கு அந்தந்த மாதச் சம்பளச் சீட்டுகளை இணைத்தால் போதும். நிறுவனம் ஆண்டுக்கொருமுறை உங்களுக்குத் தரும் சமூகக் காப்பீட்டு அறிவிப்புத் தாளையும் ஓர்ட்னரில் வையுங்கள். அந்தத் தாளுக்கும் முகவரிப் பதிவுச் சான்றுக்கும் மெல்டெபெஷைனிகுங் என்று ஒரே பெயர். அலுவலகம் கேட்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒன்றுக்கு மற்றொன்றை அனுப்பி, ஒரு மாதத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

மொழியும் 33 கேள்விகளும்

ஏ1 போதும் என்ற விதி இருந்தாலும், பி1 வரை படித்துவிடுங்கள் என்றே நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ப்ளூ கார்டுக்காரர்களுக்கு அது 6 மாதங்களை மிச்சப்படுத்தும், பின்னாளில் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் செல்லும். அதைவிட முக்கியமாக, பிள்ளையின் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பிறர் துணையின்றி நீங்களே பேச முடியும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிலையத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் போய்விட்டால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். ஊரில் இருக்கும்போதே கோதே நிலையத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1, ஏ2 முடித்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே வேலைக்கும் வகுப்புக்கும் இடையே அல்லாடும் நிலை வெகுவாகக் குறைகிறது.

மொழித் தேர்வு தவிர, ஜெர்மனியில் வாழ்க்கை என்ற பொருள்படும் தேர்வு ஒன்று இருக்கிறது. அரசமைப்பு, வரலாறு, சமூகம் பற்றிய 33 கேள்விகளுக்கு 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். பி.ஆருக்கு 15 சரியானால் போதும், குடியுரிமைக்கு 17 வேண்டும். பொதுவான 300 கேள்விகளும், நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்கென 10 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டுள்ளன. தேர்வில் வருபவை அவற்றிலிருந்து மட்டுமே வரும். தினமும் ரயிலில் போய்வரும்போது பத்துப் பத்தாகப் பார்த்தால் ஒன்றிரண்டு மாதங்களில் தயாராகிவிடலாம். விடையை மட்டும் மனப்பாடம் செய்யாமல், 1949இல் அடிப்படைச் சட்டம் ஏன் அப்படி எழுதப்பட்டது, 1989இல் பெர்லினில் என்ன நடந்தது என்று சற்று விரிவாகவே படியுங்கள் என்பது என் வேண்டுகோள், நாம் வாழப்போகும் நாடு அல்லவா. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் மக்கள் கல்வி நிலையங்களில் இந்தத் தேர்வு நடக்கிறது, கட்டணம் 25 யூரோ. பெருநகரங்களில் இடம் கிடைக்கவே சில மாதங்கள் ஆகும், முடிவு வருவதற்கு மேலும் பல வாரங்கள் பிடிக்கும். விண்ணப்பிக்கும் தேதிக்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

வருமானம், வீடு, காப்பீடு

அரசின் வாழ்வாதார உதவித்தொகையை நம்பாமல் குடும்பத்தை நடத்தும் அளவுக்கு வருமானம் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான மாதத்தொகை பெறுவது குறையாகக் கருதப்படாது. வேலை ஒப்பந்தம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், வேலை தொடர்கிறது, பணிநீக்க அறிவிப்பு ஏதும் இல்லை என்று நிறுவனம் புதிதாகத் தரும் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். புதிய வேலையில் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருக்கும்போது விண்ணப்பித்தால், அது முடியட்டும் என்று பல அலுவலகங்கள் நிறுத்தி வைக்கின்றன. எனவே மாதக் கணக்கு நிறையும் நேரத்தில் வேலை மாற நினைப்பவர்கள் நாளைக் கணக்கிட்டுக்கொண்டு மாறுவது நல்லது. வேலை இடையில் போய்விட்டால், அதை அறிந்த 2 வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு உண்டு. பயந்து மறைப்பது பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

வீட்டைப் பொறுத்தவரை, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர், அதற்குக் கீழுள்ள குழந்தைக்கு 10 சதுர மீட்டர் என்ற அளவை வைத்துப் பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் பரப்பளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு உறுப்பினர் சான்று போதும்.

ஊரிலிருந்து வர வேண்டிய காகிதங்களும் நம் பெயர்களும்

குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் தேவைப்படும். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கிய சான்றே இங்கே செல்லும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும், வெளிநாடு கிளம்பும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது. பிறப்புச் சான்றை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்களின் சான்றுகள் பலவற்றில் தந்தை பெயர், தாய் பெயர், ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்பது வரைக்கும்தான் இருக்கும், குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். மருத்துவமனையில் பிறந்த உடனே பதிந்துவிட்டு, பெயர் சூட்டிய பிறகு யாரும் திரும்பிப் போகாததுதான் காரணம். அந்தச் சான்று இங்கே பயன்படாது. பெயரைச் சேர்க்கும் வேலையை ஊராட்சியிலோ நகராட்சியிலோ மாநகராட்சியிலோ நேரில் போய் முடிக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதற்கென்று இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

பெயர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயரின் இடத்திலும், பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும், பிறப்புச் சான்றில் தனியாகவும் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ள கடவுச்சீட்டோடு வருபவர்களும் இருக்கிறார்கள். முதல் நாள் முகவரிப் பதிவில் எழுதப்படும் பெயரே பிறகு வரி, காப்பீடு, வங்கி, குடியிருப்பு அட்டை என எல்லா இடங்களுக்கும் பரவுகிறது. அன்று அந்த ஊழியர் தட்டச்சு செய்ததைக் கையெழுத்திடுவதற்கு முன் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியரிடம், கணவனின் குடும்பப் பெயரும் மனைவியின் குடும்பப் பெயரும் ஏன் வேறாக உள்ளன, மகளுடையது ஏன் இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கணவன் தன் தந்தையின் பெயரையும், மனைவி தன் தந்தையின் பெயரையும், மகள் தன் தந்தையின் பெயரையும் தாங்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குடும்ப மரமாக வரைந்து காட்டிய பிறகுதான் தெளிவு பிறந்தது. அந்தத் தாளை அவர்கள் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார்கள். இரண்டு விதமாக எழுதப்பட்ட பெயர் ஒருவரையே குறிக்கிறது என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் ஊரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வரலாம்.

மொழிபெயர்ப்பை, ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதியேற்ற மொழிபெயர்ப்பாளரிடமே செய்ய வேண்டும். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளைவிட, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து அச்சான சான்றுகளுக்கு ஆள் கிடைப்பது எளிது. ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு பதிக்கும் அப்போஸ்டில் முத்திரை இருந்தால் போதும் என்ற எண்ணம் இந்தியர்களிடையே பரவலாக உள்ளது. இந்தியா அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்ததால், இரு நாடுகளுக்கு இடையே அது நடைமுறைக்கு வரவில்லை. ஐயம் எழும் ஆவணங்களை ஜெர்மன் தூதரகம் வழியாக ஊரிலேயே விசாரித்துச் சரிபார்க்கிறார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இங்கே குழந்தை பிறக்கும்போது பிறப்பைப் பதியும் அலுவலகமும் பெற்றோரின் இதே சான்றுகளைக் கேட்கும் என்பதால், கருவுற்ற செய்தி தெரிந்ததுமே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தைக் கொடுப்பது

விண்ணப்பம் போவது அவுஸ்லேண்டர்பெஹோர்டே எனப்படும் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு. ஒரு நாடு, ஒரு சட்டம் என்றாலும் ஊருக்கு ஊர் நடைமுறை மாறும். சில நகரங்களில் இணையப் படிவம், சில இடங்களில் மின்னஞ்சல், சிற்றூர்களில் இன்னமும் தபால். உங்கள் ஊர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் உள்ள ஆவணப் பட்டியலை அச்சிட்டு, அதே வரிசையில் தாள்களை அடுக்குங்கள். பி.ஆர். கட்டணம் பொதுவாக 113 யூரோ. அட்டைக்கான படத்தை 2025 மே முதல் மின்னணு வடிவில்தான் ஏற்கிறார்கள், ஆகவே ஊரிலிருந்து எடுத்துவந்த காகிதப் படங்களை நம்பி இருக்க வேண்டாம்.

நேரில் வருவதற்கான முன்பதிவை இங்கே டெர்மின் என்பார்கள். அது கிடைப்பதே பெரும்பாடு. "அண்ணா, நாலு மாசமா மெயில் போடுறேன், பதிலே இல்ல" என்று புலம்பாத ஆள் இல்லை. இந்தத் தவிப்பைப் பயன்படுத்தி டெர்மின் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள், அது அலுவலகம் இலவசமாகத் தரும் சேவை. செய்ய வேண்டியது வேறு. கையிலுள்ள அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான சான்றைப் பாதுகாக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால் ரசீது, இணையத்தில் அனுப்பினால் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு தெரியும் வரை பழைய அனுமதி அதே உரிமைகளோடு தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. அதைக் காட்டுவதற்குத் தரப்படும் தாளுக்கு ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். அந்தத் தாளில் சில கட்டங்கள் இருக்கும். பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டத்தில், அதாவது குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்கு நேரே குறியிருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்ப முடியும். 3ஆம் உட்பிரிவில் குறியிருந்தால் வெளியே போனால் மீண்டும் உள்ளே வர முடியாது. ஊரில் தங்கை திருமணம் என்று அவசரமாகப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஒரு குறியைப் பாருங்கள்.

எல்லா ஆவணங்களையும் கொடுத்து 3 மாதங்கள் கடந்தும், தகுந்த காரணமின்றி முடிவு ஏதும் வராவிட்டால், நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மைக்கு எதிராக வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமுண்டு. இது பகையைத் தேடிக்கொள்ளும் செயல் அன்று, ஆனாலும் முதலில் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிப் பார்ப்பது முறை. காரித்தாஸ், டியகோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் குடிபெயர்ந்தோர் ஆலோசனை மையங்களில் கட்டணமின்றி வழிகாட்டுகிறார்கள்.

துணைவரும் பிள்ளைகளும்

பி.ஆர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. கணவனுக்குக் கிடைத்தால் மனைவிக்குத் தானாக வந்துவிடாது. தகுதிபெற்ற பணியாளராக பி.ஆர். பெற்றவரின் துணைவர், 3 ஆண்டுகள் இங்கே குடியிருப்பு அனுமதியோடு சேர்ந்து வாழ்ந்து, வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை பார்த்து, பி1 மொழி நிலையும் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். வீட்டில் தனித்து இருக்கும் பெண்களிடம், பிள்ளை வளரட்டும், பிறகு மொழி படிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த விதியும் ஒரு காரணம். இங்கே பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த 6 மாதத்துக்குள் குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவர் 5 ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்து, பி.ஆரும் வைத்திருந்தால், குழந்தை பிறப்பிலேயே ஜெர்மன் குடியுரிமை பெறுகிறது. பி.ஆர். விண்ணப்பத்தைச் சோம்பலால் ஓர் ஆண்டு தாமதப்படுத்தியதில் இந்த உரிமை குழந்தைக்குக் கிட்டாமல் போன வீடும் உண்டு.

அட்டை கைக்கு வந்த பிறகு

உரிமை நிரந்தரம் என்றாலும், பிளாஸ்டிக் அட்டைக்கு முடிவு தேதி இருக்கும். பொதுவாக அது உங்கள் கடவுச்சீட்டின் ஆயுளோடு கட்டுப்பட்டது. கடவுச்சீட்டைப் புதுப்பித்ததும் புதிய அட்டைக்கு எழுதிப் போடுங்கள். ஜெர்மன் பி.ஆரை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பிற நாடுகளில் வேலை பார்க்க முடியாது. அப்படி எண்ணம் உள்ளவர்கள், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு அனுமதியைக் கேட்பது பொருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு விதியை மட்டும் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். தொடர்ந்து 6 மாதங்களுக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால், பி.ஆர். பொதுவாகத் தானாகவே காலாவதியாகிவிடும், யாரும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப மாட்டார்கள். ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடல்நலம் குன்றி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள நீண்ட நாள் போக நேர்ந்தால், கிளம்புவதற்கு முன்போ, குறைந்தது அந்த 6 மாதம் முடிவதற்குள்ளோ வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு எழுதி, காலத்தை நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். காரணத்தைச் சொல்லி, மருத்துவச் சான்றை இணைத்துக் கேட்டால் நீட்டித்துத் தர விதி இருக்கிறது. எழுத்தில் வரும் அந்தப் பதிலையும் துளையிட்டு, ஓர்ட்னரில் அட்டையின் நகலுக்கு அடுத்த தாளாகச் சேர்த்துவிட்டு, மூலத்தைக் கடவுச்சீட்டோடு கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.